குதிகால் களிம்பு

பணியாளர் எண் நானூற்றுப் பதினேழுக்கு
விரல் இல்லை என்கிறது
மஞ்சக்குப்பம் அலுவலக வாசலில்
ஆணியடித்த கறுப்புப் பெட்டி.
மறுபடி முயலவும்.
மறுபடி.
பின்னால் வரிசையில் ஒருவன் இருமுகிறான்.
புதிதாய்ச் சேர்ந்த ஷமீலா மட்டும்
"நெத்தியில தேச்சிட்டு வைங்க மேடம்,
கொஞ்சம் எண்ணெய் ஒட்டும்" என்கிறாள்.
தேய்த்தேன்.
நெற்றியிலும் எண்ணெய் இல்லை.

முப்பத்தோரு வருடம்
குடிநீர்க் கட்டண ரசீது கிழித்த விரல்.
கார்பன் தாள், முத்திரை மை, ஈரப் பஞ்சு.
ரேகை தேயும் என்று
பணி விதிகளில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

மாதக் கணக்கு நின்ற வருடம் ஆரம்பித்தது.
முதலில் கண் காய்ந்தது, பிறகு உதடு,
பிறகு மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்ட இடம்.
ஒருவழியாகச் சொன்னேன்.
"வயசுதானே" என்றார்,
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

ரோஜாப் படம் போட்ட டப்பா ஒன்று வாங்கினேன்.
பூசியதும் கல்யாண வீடாய் மணந்தேன்.
பத்து மணிக்கெல்லாம் பந்தி முடிந்து
எச்சில் இலையாய்க் காய்ந்தேன்.

லாரன்ஸ் ரோட்டில்
கண்ணாடிக் கதவும் குளிரும் உள்ள கடை.
அந்தப் பெண் என் புறங்கையில் ஒரு சொட்டு வைத்து
"வயசைப் பின்னால தள்ளும்" என்றாள்.
பின்னால் என்ன இருக்கிறது என்று
எனக்குத் தெரியாதா?
ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.
மூன்றாம் நாள் கன்னம் எரிந்தது.
பீரோ கீலுக்கு அது நன்றாகவே ஒத்துக்கொண்டது,
இப்போது கிறீச்சிடுவதில்லை.

தேங்காயெண்ணெயைத் தலையணை உறை குடித்தது.
வாசலின் பூசிய அன்று
வண்டிப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து சேர்வதற்குள்
கெடிலம் பாலத்துப் புழுதியெல்லாம்
என் முகத்தில் குடியேறியிருந்தது.

முதுநகர் மருந்துக்கடையில்
இருமல் மருந்துக்குத்தான் நின்றிருந்தேன்.
முழங்கையைச் சொறிந்தேன் போலிருக்கிறது.
சிலேட்டில் கிழித்த மாதிரி வெள்ளைக் கோடு.
கடைக்காரர் தணிகாசலம், என் மகன் வயதுதான்,
சில்லறை எண்ணிக்கொண்டே கேட்டார்:
"கிரீம் எப்பப் பூசுவீங்க?"
ஆபீஸ் கிளம்பும்போது.
"அப்ப லேட்டு. குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள பூசணும்.
மூணு நிமிஷம். தண்ணி போனப்புறம்
எதைக் காப்பாத்த மூடி போடறீங்க?"

கசிவுப் புகார்களைப் பதிவேட்டில் ஏற்றுபவள் நான்.
தெருத்தெருவாக எந்தக் குழாய் சொட்டுகிறது என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அவர் எடுத்துக் கொடுத்த குழாயில்
வெடித்த குதிகால் படம்.
யூரியா என்று போட்டிருந்தது.
நெல்லுக்குப் போடுவதா?
"பேரு அதேதான். பயப்படாம பூசுங்க,
கண்ணுகிட்ட மட்டும் வேணாம்."
எண்பத்தைந்து ரூபாய்.
காலுக்கு உள்ளதை முகத்துக்கா என்று
பஸ் ஸ்டாண்ட் வரை யோசித்தேன்.

மறுநாள் காலை, துண்டைக் கொடியிலேயே விட்டுவிட்டு
சொட்டச் சொட்ட நின்றேன்.
கை, கழுத்து, இரண்டு அறுவைத் தழும்புள்ள வயிறு.
இத்தனை வருடம் துடைத்து மூடி ஓடியதில்
பார்க்காமலே விட்ட முழங்கால்கள்.
வெளியே அவர் கதவைத் தட்டினார்,
"ஆச்சா?"
இன்னும் மூணு நிமிஷம்.
"அப்படி என்னதான் பண்றே?"
பதில் சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை.

பத்தொன்பது நாள்.
சுருக்கம் சுருக்கமாகவே இருக்கிறது,
பெட்டியில் மடித்து வைத்த பட்டுப்புடவை மாதிரி.
ஆனால் சிரித்தால் இழுக்கவில்லை.
நகம் பட்டால் கோடு விழவில்லை.
இரவில் எழுந்து
கெண்டைக்காலைச் சொறிவதில்லை.

கறுப்புப் பெட்டியில் விரல் வைத்தேன்.
கண்ணாடியில் பிசுக்கு.
மறுபடி முயலவும் என்றது.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஷமீலா தன் துப்பட்டா நுனியால்
என் விரலையும் அதன் முகத்தையும் துடைத்தாள்.
வைத்தேன்.
பச்சை.
ஒன்பது மணி ஏழு நிமிடம், தாமத வருகை.

குதிகால் இன்னும் வெடித்துத்தான் கிடக்கிறது.
அதற்குப் பூச
நான் மிச்சம் வைப்பதில்லை.